புள்ளி வைத்த டம்ளர்

காபியைப் பாதி குடித்த பிறகுதான் தேசிகன் டம்ளரின் அடியைப் பார்த்தார். சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி.

"பாமா! இது அவளோட டம்ளர்டீ!"

அவள் என்றால் சந்திரம்மா. பெங்களூரின் ஒரு கோடியில் ஈஜிபுராவிலிருந்து இரண்டு பஸ் மாறி மல்லேஸ்வரத்துக்கு வந்து, இடுப்பு எலும்பு முறிந்த தேசிகனைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்கிறவள். குளிப்பாட்டுவது, டயபர் மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது எல்லாம் அவள்தான். அவள் கை ஆகும், அவள் வாய் பட்ட டம்ளர் மட்டும் ஆகாது. எண்பது வயதில் தேசிகன் எழுதிய சாஸ்திரம் இது. பேத்தி அதிதி விட்டுப்போன நகப்பூச்சை எடுத்து அந்தப் புள்ளியை வைத்ததும் அவரேதான்.

"நான் கவனிக்கலை. வாயைக் கொப்பளிச்சுடுங்கோ," என்றாள் பாமா.

"பாதி உள்ள போயிடுத்தே!"

"அது வெளியில வரச்சே சந்திரம்மா பாத்துப்பா."

சந்திரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சும்னே எதுக்கும்மா கலாட்டா? நாளைலேருந்து நானே பாட்டில்ல டீ கொண்டாந்துடறேன்."

பாமாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் அந்த டம்ளரைத் தனியாகக் கழுவி பால்கனியில் கவிழ்த்தவள் அவள்தானே.

அன்று மாலையே தேசிகன் முடிவெடுத்துவிட்டார். ஆனேக்கல் பக்கம் ஒரு முதியோர் இல்லம். 'சமையல் முதல் பராமரிப்பு வரை எல்லாம் நம்மவா' என்று விளம்பரம். டெபாசிட் முப்பது லட்சம், மாதம் அறுபதாயிரம். அவர் சேமிப்பை ஆபரேஷன் விழுங்கிவிட்டது. மிச்சமிருந்தது பாமா அரசு வேலையில் முப்பத்து மூன்று வருஷம் உழைத்து வாங்கிய ஓய்வுப் பணம்தான்.

"எனக்கு எழுபத்திரண்டு வயசு. எல்லாத்தையும் அங்க கொட்டிட்டா, நாளைக்கு நான் விழுந்தா எதை வெச்சுப் பாக்கறது?"

"உனக்கென்ன, நீ திடமா இருக்கே."

பெண்டாட்டி திடமாக இருப்பாள் என்பது நம் வீடுகளில் ஒரு இன்ஷூரன்ஸ். பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. அவளுக்கு க்ளெய்ம்தான் கிடையாது.

"கையெழுத்துக்கு முன்னாடி ஒருதரம் போய்ப் பாத்துடலாம்," என்றாள் பாமா. "சந்திரம்மாவும் வரட்டும். உங்களைக் கார்ல யார் தூக்கி வெக்கறது?"

தன் வேலை பறிபோகப் போகிற பயணத்துக்குச் சந்திரம்மாவே துணை போனாள்.

இல்லத்து வாசலில் மேனேஜர் தேஜஸ் நெற்றியில் பளிச்சென்று ஸ்ரீசூர்ணத்துடன் வரவேற்றான். தேசிகன் முகம் மலர்ந்தது. அப்போது நீல யூனிஃபார்மில் ஒரு பெண், தாத்தா ஒருவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"சந்திரம்மாக்கா! நீ எங்க இங்க?"

"ஷோபா! நீ இங்கியா வேலை செய்யற?"

ஈஜிபுராவில் இரண்டு பேர் வீட்டுக்கும் ஒரே சுவர். தேசிகனின் மலர்ந்த முகம் சுருங்கியது.

"எல்லாம் நம்மவான்னு போட்டிருந்ததே?"

"கிச்சன்ல நம்மவாதான் மாமா," என்றான் தேஜஸ். "டயபர் மாத்த நம்மவாளுக்கு எங்க போறது? ரெண்டு வருஷமா பேப்பர்ல போடறேன், ஒரு அப்ளிகேஷன் வரலை."

காபி வந்தது. தேசிகன் பழக்கதோஷத்தில் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்தார். சிவப்புப் புள்ளி.

"இது யாரோடது?"

"உங்களோடதுதான் மாமா. இங்க ஸ்டாஃப் நாப்பது பேர், ரெசிடெண்ட்ஸ் இருபது பேர். கலந்துடக் கூடாதோல்லியோ? அதான் ரெசிடெண்ட்ஸ் டம்ளருக்கு மட்டும் புள்ளி."

பாமா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. சந்திரம்மாதான் தலையில் தட்டினாள்.

திரும்பும் வழியில் பாமா சொன்னாள்: "என் பணம் பாங்க்லயே இருக்கட்டும். வர்ற வட்டில சந்திரம்மாவுக்கு அஞ்சாயிரம் கூடப் போட்டுத் தரேன். மிச்சம் என் இடுப்புக்கு."

"அம்மா, உங்க இடுப்பையும் நானே பாத்துக்கறேன்," என்றாள் சந்திரம்மா முன் சீட்டிலிருந்து. தேசிகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைக் கேட்டவர் யாருமில்லை.

மறுநாள் காலை மூன்று காபி வந்தது. தேசிகன் தன் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். புள்ளி. எட்டி பாமாவுடையதைப் பார்த்தார். அதிலும் புள்ளி. அலமாரியில் கவிழ்த்திருந்த பன்னிரண்டு டம்ளரிலும் புள்ளி. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்த சந்திரம்மாவின் புது டம்ளர் மட்டும் பளபளவென்று இருந்தது.

"அவளோடதுல ஏன் இல்லை?"

"நகப்பூச்சு தீந்துபோயிடுத்து," என்றாள் பாமா. "நம்மவாளுக்கே சரியாப் போச்சு."