விட்டதுக்கு விலை கிடையாது

நான் பீடியை விட்டதும், அதுவரை நான் விட்ட புகையெல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து என் வீட்டு வாசலில் நின்றது. எங்கள் ஊரில் யார் விட்டாலும் இது நடப்பதுதான். வருஷக்கணக்கில் ஊதித் தள்ளியது பின்னே எங்கே போகும்? விட்டவன் வாசலுக்குத்தான் வரும்.

புகை ஆளுக்கு ஆள் மாறும். கல்யாண வீட்டில் மட்டும் சிகரெட் பிடித்த தபால்காரர் அதை விட்டபோது வந்தது முழங்கால் உயரம்கூட இல்லை. கோழிகள் அதைக் கொத்தப் பார்த்தன. என்னுடையது அப்படியில்லை. என் உயரம், என் தொப்பை, என்னைப் போலவே இடது தோளில் துண்டு. எதிலும் சாயாமல் நின்றது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. செய்வதை முழுசாகச் செய்தவனுக்குத்தான் இப்படி ஒன்று வந்து நிற்கும்.

என் பெண்டாட்டி பாவாயி வாசலை எட்டிப் பார்த்தாள்.

"உங்க ஆளு வந்திருக்காருங்க. துணி காயப் போடோணும். கொஞ்சம் அக்கட்டால நிக்கச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அது நகர்ந்துகொண்டது.

நான் மாட்டுத் தரகன். பேர் சென்னியப்பன். பள்ளிக்கூடத்தை வெளியில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். மாட்டின் காலடியில் மிதிபட்டு, கொம்பில் முட்டுப்பட்டு, நாலு பேரிடம் ஏமாந்து, ஏமாந்ததில் ஒன்றைக்கூட மறக்காமல் வளர்ந்தவன். இன்றைக்கு வியாழக்கிழமைச் சந்தையில் நான் துண்டை எடுத்து விரித்தால் அக்கம்பக்கத்தில் பேச்சு நின்றுபோகும்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் என் கையும் எதிராளியின் கையும் போகும். விரலைப் பிடித்து, அழுத்தி, மடக்கிப் பேசிக்கொள்வோம். முழுக் கையையும் அழுத்திப் பிடித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதுவரை வாய் மட்டும் "கட்டாதுங்க, கட்டாதுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சந்தையில் 'கட்டாது' என்றால் வேண்டாம் என்று அர்த்தம் கிடையாது. இன்னும் இறங்கி வா என்று அர்த்தம். நானும் பேச்சு வந்த நாளிலிருந்து அந்த அர்த்தத்தில்தான் சொல்லிவருகிறேன்.

பீடியை நான் விட்டதும் ஒரு பேரத்தில்தான். ஒரு கிடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது விரட்டிப்போன எனக்குப் பாதி வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிடேரி கொஞ்ச தூரம் போய், எனக்காகக் காத்து நின்றது. அந்த அவமானத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "பீடிய முழுசா விட்டுருங்க" என்றார்.

"பாதியா குறைச்சுக்கறேன்" என்றேன்.

"சரி, பாதி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சொன்னதற்கு எதிராளி ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டால், ஏமாந்தது நாம் என்று அர்த்தம். தொழிலுக்கு வந்த முதல் வருஷம் ஒரு கிழட்டுக் காளையில் நான் கற்ற பாடம் அது.

"ஏனுங்கம்மா, ஒரே பேச்சுல ஒத்துக்கிட்டீங்க?"

"உங்க நெஞ்சு. நான் எதுக்குங்க பேரம் பேசோணும்?"

எனக்கு வந்த கோபத்தில் மடியிலிருந்த பீடிக் கட்டையும் தீப்பெட்டியையும் அவர் மேஜைமேல் எறிந்தேன். "முழுசா விட்டுட்டேன். இப்ப என்ன சொல்றீங்க?" என்று கத்தினேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் வீடு வந்து சேர்வதற்குள் புகை வந்து நின்றுவிட்டது.

வந்த புகைக்கு ஒரு முறை இருக்கிறது. அடுத்த சந்தை வரைக்கும் வாசலில் நிற்கும். சந்தையில் துண்டு போட்டு ஒரே ஒரு தடவை பேரம் பேசும். நாம் கையை அழுத்திவிட்டால், பேசிய கணக்குக்கு மறுபடியும் நெஞ்சுக்குள் ஏறிவிடும். பேசவே மாட்டேன் என்றால் வாசலை விட்டுப் போகாது. சலூன் மயில்சாமி பேசப் போகவில்லை. அவன் புகை இன்னும் கடை வாசலில்தான் நிற்கிறது. முடி வெட்ட வருகிறவர்கள் அதில் குடையை மாட்டிவிட்டு உள்ளே போகிறார்கள்.

கண்டக்டர் வேலுச்சாமி போய்ப் பேசினான். கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசினான். கடைசி டிரிப் முடிந்த பிறகு ஒன்றே ஒன்று என்று இறக்கிக் கையை அழுத்தினான். இப்போது அவன் போகிற பஸ்ஸுக்கு எல்லா டிரிப்பும் கடைசி டிரிப்தான்.

சந்தை வருகிறவரைக்கும் நான் வீட்டுக்குள் அடைபட்ட காளை மாதிரி இருந்தேன். பால்காரனிடம் சண்டை போட்டேன். காப்பி ஆறிவிட்டது என்று டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். பாவாயி நெளிந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தினாள்.

"பீடிய விட்டது சரி. கையோட இந்தக் கோவத்தையும் விட்டா என்னவாம்?"

"அது நான் சம்பாதிச்சது, புள்ள. அத எதுக்கு விடறது?" என்றேன்.

அவள் அந்த டம்ளரிலேயே ரசத்தை ஊற்றினாள். வாயருகே கொண்டுபோனவன் நிறுத்திவிட்டேன்.

"என்ன வாசம் இது?"

"பெருங்காயம்."

"இன்னைக்குத்தான் போட்டியா?"

"கட்டிக்கிட்டு வந்த நாளா போடறேன்" என்றாள். "இத்தன வருஷமா என்னத்தன்னு நெனச்சுக் குடிச்சீங்க?"

அன்று இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் கொட்டிலுக்குப் போனபோது ஓரத்தில் கட்டியிருந்த எருதுக்குக் காய்ச்சல் வரப்போவது வாசத்திலேயே தெரிந்தது. தொட்டுப் பார்க்கவில்லை, பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. மூக்கு சொன்னது. தரகனுக்கு இப்படி ஒரு மூக்கு கிடைத்தால் எதிரே நிற்க ஆள் ஏது? ஆனால் வியாழக்கிழமை தோற்றால் மூக்கு போகும், மூச்சு போகும், பெருங்காயமும் போகும். வாசலில் நிற்பதும் லேசுப்பட்ட ஆள் இல்லை. இத்தனை காலம் என் நெஞ்சுக்குள்ளேயே குடியிருந்து என் தொழிலை வரி விடாமல் கற்றிருந்தது.

வியாழக்கிழமை காலையில் இருவரும் சந்தைக்கு நடந்தோம். அது எனக்கு ஒரு அடி பின்னால் வந்தது. அந்த மரியாதை அதற்கு இருந்தது.

சந்தை வாசலில் கிட்டுசாமி நின்றான். பாவாயியின் தம்பி. அவனும் தரகன்தான், எனக்கு அடுத்தபடி. அவன் காதில் ஒரு பீடி செருகியிருந்தது.

"வாங்க மச்சா. ரெண்டு பேரா வர்றீங்க. இதுல யாருக்கு நான் வணக்கம் சொல்றது?"

"காதுல இருக்கறத எடுத்துட்டுப் பேசுடா மாப்ளே."

"எடுத்துப் பத்த வச்சா உங்க ஆளு என்கூட வந்துருவாரு. அப்பறம் நீங்க தனியாளாப் போயிருவீங்க" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு, "இன்னைக்கு நீங்க தோத்தாலும் செயிச்சது சென்னியப்பன்தான்னு சொல்லிக்கலாம் மச்சா. கவலப்படாதீங்க" என்றான்.

அவனை அப்போதே ஒரு அறை விட்டிருப்பேன். அதற்குள் கூட்டம் விலகியது. கோயில் காளை வந்தது.

எங்கள் சந்தைக்குள் எந்த மாடும் கயிறில்லாமல் வரக் கூடாது, அது ஒன்றைத் தவிர. யாரோ வேண்டிக்கொண்டு கோயிலுக்கு விட்டது. கழுத்தில் மணி உண்டு, கட்டிப் பிடிக்கத் தும்பு கிடையாது. வருகிற வழியில் யார் கூடையில் வாய் வைத்தாலும் ஓட்டமாட்டார்கள். ஒருதடவை விவரம் தெரியாத வெளியூர் வியாபாரி ஒருவன் அதன் திமிலைத் தட்டிப் பார்த்துவிட்டுத் துண்டை விரித்தான். சந்தையே அவனை முறைத்தது. "விட்ட மாடுங்க" என்று ஒரு பையன் சொன்னான். வியாபாரி துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு போனான். வேறு விளக்கம் யாரும் சொல்லவில்லை.

காளை போனதும் புகை தன் துண்டை எடுத்து நீட்டிப் பிடித்தது. நான் கையை உள்ளே விட்டேன். பழக்கம். எதிரே துண்டு விரிந்தால் என் கை தானாகப் போய்விடும்.

உள்ளே என் கையைப் பிடித்த கை என் கை மாதிரியே இருந்தது. கொஞ்சம் கதகதப்பு அதிகம். எடுத்த எடுப்பில் ஐந்து விரலையும் பிடித்து இழுத்தது. பழையபடி முழுக் கட்டு வேண்டும் என்கிறது.

"கட்டாது" என்றேன்.

மூன்று விரலுக்கு வந்தது. சாப்பாட்டுக்கு ஒன்றாக மூன்று வேளை.

"கட்டாது."

ஒற்றை விரல். நாளுக்கு ஒன்று.

"கட்டாது, போ."

சுண்டுவிரலின் நடுக்கணுவைத் தொட்டது. எங்கள் பாஷையில் அது பாதி. நான் தலையாட்டவில்லை. அது நகத்துக்கு வந்தது. ஒரே ஒரு இழுப்பு.

என் முகத்தைப் பார்த்தே கிட்டுசாமி கணக்குப் போட்டுவிட்டான். "நகத்துக்கு வந்துட்டாரா? அடேங்கப்பா! முழுக் கட்டுலருந்து நகத்துக்கு இறக்கின ஆள இந்தச் சந்தை பார்த்ததில்ல. முடிங்க மச்சா, இதுக்கு மேல இறங்காது!"

சுற்றி நின்ற தரகர்களெல்லாம் கழுத்தை நீட்டினார்கள். அவன் சொன்னது வாஸ்தவம். என் ஆயுசில் நான் பேசிய பேரங்களில் அதுதான் பெரிசு. கையை அழுத்தியிருந்தால் என் பேரைப் பத்து சந்தையில் சொல்லியிருப்பார்கள். விரல்கள் மடங்கவும் ஆரம்பித்தன. வாய் மட்டும் வழக்கப்படி இன்னொரு தடவை "கட்டாது" என்றது.

புகை அதற்கும் இறங்கியது. நகத்தை விட்டுவிட்டு என் விரல் நுனியை வெறுமனே தடவியது. பிடிக்க வேண்டாம், பற்றவைக்க வேண்டாம், கிட்டுசாமி மாதிரி காதில் ஒன்றைச் செருகிக்கொண்டால் போதும்.

எனக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மாவின் மேஜைமுன் உட்கார்ந்தபோது வந்த அதே சுருக். இது எத்தனை தடவை வேண்டுமானாலும் இறங்கும். ஒன்றுமே இல்லை என்கிற விலைக்கும் இறங்கும். அதற்கு வேண்டியது பீடி இல்லை, என் கை துண்டுக்குள் இருப்பது. நான் 'கட்டாது' என்று சொல்லச் சொல்ல அது இறங்கி வரும், நான் ஜெயித்துக்கொண்டே போவேன், ஜெயித்த கையோடு அதை நெஞ்சுக்குள் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். வேண்டாம் என்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தை வேண்டும். இத்தனை வருஷம் வியாபாரம் செய்தவனிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லை.

அப்போது மணிச் சத்தம் கேட்டது. கோயில் காளை சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, யாருடைய கூடையிலிருந்தோ எடுத்த வாழைப்பழத்தை மென்றபடி எங்கள் பக்கமாக வந்தது. கூட்டம் வழிவிட்டது.

நான் துண்டுக்குள்ளிருந்து கையை எடுத்தேன். பேரம் பாதியில் நிற்கும்போது கையை வெளியே எடுப்பது அதுதான் எனக்கு முதல் தடவை.

"இது விட்டதுங்க" என்றேன்.

புகை அசையாமல் நின்றது. நான் விட்டதையெல்லாம் அது கூடவே இருந்து பார்த்திருக்கிறது. மூக்கு வழியாக விட்டேன், வாய் வழியாக விட்டேன், வளையம் வளையமாக விட்டேன். அப்போதெல்லாம் விட்டது அடுத்த இழுப்புக்காக. இந்த வார்த்தை அது இல்லை என்று அதற்கும் தெரிந்தது. சந்தை தெரிந்த ஆள். நான் கற்றுக்கொடுத்த ஆள்.

"விட்ட மாட்டுக்கு விலை பேசக் கூடாதுங்க மச்சா" என்றான் கிட்டுசாமி, மெதுவாக. அவன் கை தானாகக் காதுக்குப் போய், அங்கிருந்த பீடியை எடுத்து மடியில் ஒளித்தது.

புகை துண்டை உதறி மடித்து இடது தோளில் போட்டது. இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டது. காளை கடந்துபோகும்வரை ஒதுங்கி நின்றுவிட்டு, அதன் பின்னாலேயே நடந்து சந்தையை விட்டு வெளியே போனது.

இப்போது இரண்டும் சேர்ந்தேதான் சுற்றுகின்றன. யார் வெள்ளாமைக் காட்டில் நுழைந்தாலும் புகையை ஓட்டுவதில்லை. மாட்டுப் பொங்கலன்று காளைக்குப் பொட்டு வைத்தவர்கள் அதற்கும் வைத்தார்கள். கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுப் பொட்டு கீழே விழுந்தது. பாவாயி அதற்கென்று தனியாக ஒரு மணி வாங்கிக் கட்டினாள். அந்த மணி கேட்டால் காயப்போட்ட துணியை எடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

டீக்கடையில் யாராவது பீடிக் கட்டை நீட்டினால் நான் வேண்டாம் என்பதில்லை, கட்டாது என்பதில்லை. "விட்டது" என்கிறேன். நீட்டியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். போன வாரம் அதே கிடேரி மறுபடியும் அறுத்துக்கொண்டு ஓடியது. புளியமரத்தைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, பஞ்சாயத்து போர்டு வரைக்கும் விரட்டிப் பிடித்தேன். இந்தத் தடவை மூச்சு வாங்கியது கிடேரிக்கு. அது நிதானத்துக்கு வரும்வரை நான் காத்து நின்றேன்.

இன்று காலை பாவாயி வாசல் தெளிக்கப் போனவள் வாளியோடு திரும்பி வந்தாள்.

"ஏனுங்க, இன்னொருத்தர் வந்து நிக்கறாரு."

போய்ப் பார்த்தேன். என் கோபம். கண்கள் சிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு நின்றது. பாவாயி அன்றைக்குச் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கும் போல.

"உன்னை யாருடா விட்டா?" என்று ஒரு சத்தம் போட்டேன். "செருப்பப் போட்டுக்கிட்டு வா. இன்னைக்குச் சந்தை."

அது செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு ஒரு அடி முன்னால் நடந்தது.