கன்னத்தில் ஒரு சிட்டிகை

என் வீட்டுக்காரர் மூலிகைப் பற்பொடி செய்பவர். கிராம்பு, கடுக்காய், வேப்பம்பட்டை எல்லாம் எங்கள் பின்னறை உரலில்தான் இடிபடும். இடித்துச் சலித்து முடிந்ததும் ஒரு சிட்டிகை எடுத்து இடக்கன்னத்தில் அடக்கிக்கொள்வார். கன்னம் மரத்துப்போனால்தான் பொட்டலம் கட்டுவார். மரத்துப்போகாவிட்டால் கிராம்பு மட்டம் என்று திரும்ப இடிப்பார். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் போதாதா என்றால், "பல்வலிக்காரன் நாக்குலயா வைக்கப்போறான்?" என்பார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார் மனுஷன்.

அவர் கொட்டாவி விட்டபோதுதான் அந்தக் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டைப் பார்த்தேன். "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

"வலிக்கவே இல்லடி. வலிக்காததுக்கு எவனாவது டாக்டர்கிட்ட போவானா?"

நச்சரித்துப் பார்த்தேன். பற்பொடிக்காரனே பல் டாக்டர் வாசலில் நின்றால் எவன் பொடி வாங்குவான் என்று எகிறினார். திட்டு புண்ணானது. அப்போதும் வலிக்கவில்லை. எப்படி வலிக்கும்? தினமும் அதன்மேல்தானே கிராம்பை அப்பிக்கொண்டிருந்தார்!

கழுத்தில் கட்டி தெரிந்த பிறகுதான் என்னோடு கிளம்பினார். டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தார். ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"புற்றுநோய்மா. தாடை, கழுத்து எல்லாம் பரவிடுச்சு. இனி ஆபரேஷன் பண்ண முடியாது. இவ்வளவு நாள் வலிக்கலையா?"

பொடி விஷயத்தைச் சொன்னேன்.

"வலிச்சிருந்தா முன்னாடியே வந்திருப்பீங்க" என்றார். அந்த அம்மாவை அறையலாம் போல ஆத்திரம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்.

இப்போது வலிக்கிறது. மாத்திரை கொஞ்ச நேரம்கூடத் தாங்குவதில்லை. பேச்சும் குழறிவிட்டது. இன்று காலை பின்னறைப் பக்கம் கையைக் காட்டினார். எனக்குப் புரிந்தது. இருப்பதிலேயே நல்ல கிராம்பாகப் பொறுக்கி, நானே இடித்துச் சலித்துக் கொண்டுபோனேன். அதே கன்னத்தில் ஒரு சிட்டிகையை அடக்கிக்கொண்டு, வழக்கம்போல் கண்ணை மூடிக் காத்திருந்தார். இந்த ஒரு தடவையாவது வலி கேட்டுவிடாதா என்று நானும் பக்கத்திலேயே நின்றேன்.

கண்ணைத் திறந்தபோது நீர் வழிந்தது. இல்லையென்று தலையாட்டினார்.

"கிராம்பு... மட்டம்" என்றார். "திரும்ப... இடி."

"ஆமாங்க, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சொல்லிவிட்டு உரலடியில் போய் உட்கார்ந்தேன். அறையெல்லாம் கிராம்பு வாசம் தூக்கியது.