ஏழாம் நம்பர் கோழியின் வெள்ளைக்கால் மகன்

உலகத்தில் எல்லா உறவுக்கும் ஒரு மரியாதை உண்டு, சகலை உறவைத் தவிர. அக்கா தங்கையைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக இரண்டு ஆண்கள் ஆயுள் முழுக்க ஒருவரையொருவர் சகித்துக்கொள்ள வேண்டும். பேக்கரிக்காரர் அப்படித்தான் நினைத்திருந்தார். அவருடைய சகலை கறிக்கடைக்காரர். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்ன கேட். அந்தக் கேட் எட்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. காரணம் ஒரு ஏணி. பேக்கரிக்காரர் சகலையிடம் இரவல் வாங்கிய ஏணி, ஒரு படி உடைந்து திரும்பிப் போனது. "நீதான் உடைச்சே" என்றார் கறிக்கடைக்காரர். "ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு" என்றார் பேக்கரிக்காரர். அன்றிலிருந்து எலியும் பூனையும்தான்.

கேட்டைத் திறக்க வைத்தவை கோழிகள். மாமனாருக்கு முழங்கால் மக்கர் செய்ததும், தான் வளர்த்த நாற்பது கோழிகளையும் இரண்டு மருமகன்களுக்கும் சேர்த்தே கொடுத்துவிட்டார். "பிரிச்சா இனம் போயிடும், சேர்ந்து வளருங்க" என்று ஒரே வார்த்தை. மனிதர் விவரமானவர்.

செம்பட்டை நிறத்தில், அகன்ற நெஞ்சோடு, முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும் என்றிருந்த பழைய இனம் அது. இப்போது மூன்றே இடத்தில் மிச்சமிருந்தது. இனப் பட்டியலில் நிற்க வேண்டுமென்றால் சேவல் ஐந்து மாதத்தில் மூன்று கிலோ தேற வேண்டும். கோழி வருஷத்துக்கு நூற்றெண்பது முட்டை இட வேண்டும். எந்தக் குஞ்சு எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று நோட்டில் பிசகில்லாமல் பதிவும் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் தேறவில்லை. மூன்றாம் வருஷமும் தவறினால் கோழிகள் மற்ற இரண்டு இடங்களுக்கும் போய்விடும்.

கோழி போனால் கேட்டும் பூட்டிக்கொள்ளும். பேக்கரிக்காரருக்கு அதுதான் பயம். இந்த மூன்று வருஷத்தில் அவருக்குச் சகலையைப் பிடித்துப் போயிருந்தது. வெளியே சொன்னால் மானக்கேடு என்று வாயைத் திறக்கவில்லை.

ஆனால் பிரியம் வேறு, கொள்கை வேறு. பேக்கரிக்காரர் முட்டைக் கட்சி. ஏழாம் நம்பர் கோழிதான் அவருடைய செல்லம்; சின்ன உடம்பு, நாள் தவறாத முட்டை. கறிக்கடைக்காரர் எடைக் கட்சி. அவருடைய வெள்ளைக்கால் பன்னிரண்டாம் நம்பர் தலையணை பருமனுக்கு இருக்கும். மனசு வந்தால்தான் முட்டை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் உட்கார்ந்து ஆளுக்குப் பாதியாக முட்டைகளைப் பொறுக்குவார்கள். ஒவ்வொன்றின் தடித்த முனையிலும் தாயின் நம்பரைப் பென்சிலால் எழுதி, பேக்கரியின் பின்னறையிலிருந்த குஞ்சு பொரிக்கும் பெட்டியில் அடுக்குவார்கள். பொரிந்த குஞ்சின் கால் வளையத்துக்கும் அதே நம்பர்தான்.

திங்கட்கிழமை மாவு உப்பும் நேரத்தில் பேக்கரிக்காரர் பெட்டியைத் திறப்பார். பன்னிரண்டாம் நம்பர் முட்டையில் ஒன்றிரண்டை வெளியே எடுத்து, அந்த இடத்தில் ஏழாம் நம்பரின் முட்டையை வைத்து, அதன் தலையில் கூசாமல் 'பன்னிரண்டு' என்று எழுதிவிடுவார். எடுத்த முட்டை அன்றைக்கே கேக்கில் கலந்துவிடும். தடயம் இனிப்பாக இருந்ததால் யாரும் துருவிக் கேட்கவில்லை.

இனப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் அங்கீகாரக் குழுவின் கால்நடை டாக்டரம்மா வந்த அன்று வீடே பரபரத்தது. வளர்ந்த முப்பத்தொரு குஞ்சுகளையும் தராசில் ஏற்றினார். சேவல்கள் மூன்று கிலோவைத் தாண்டின. தாய்க்கோழிகளின் முட்டைக் கணக்கும் தாண்டியது. பேக்கரிக்காரரின் மனைவி, கறிக்கடைக்காரரைக் கட்டிய தன் அக்காவின் கையைப் பிடித்து நசுக்கியே விட்டாள்.

டாக்டரம்மா கடைசியாக ஒரு சேவலைத் தூக்கினார். கால் வளையத்தில் ஏழு. கால் பளீரென்ற வெள்ளை.

"நோட்டுல அப்பனுக்கு மஞ்சக் கால். ஏழாம் நம்பர் அம்மாவுக்கும் மஞ்சக் கால். ரெண்டு மஞ்சளுக்கு வெள்ளை பொறக்காதே. இது யாரு பிள்ளை?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல பேக்கரிக்காரர் விழித்தார். பிறகுதான் உறைத்தது. இது அவருடைய திருட்டே இல்லை! அவர் ஏழாம் நம்பர் முட்டையை உள்ளே வைத்தாரே தவிர, ஒருநாளும் வெளியே எடுத்ததில்லை. அதை எடுத்துவிட்டு வெள்ளைக்காலி பன்னிரண்டின் முட்டையை வைத்தவன் எவன்? மெல்லத் திரும்பினார். கறிக்கடைக்காரர் கூரையை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவர் போல அண்ணாந்து நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. பேக்கரிக்காரர் ரொட்டி போடச் சைக்கிளில் போகும் போதெல்லாம், "பெட்டியில சூடு சரியா இருக்கானு பார்க்க வந்தேன்" என்று சகலை வந்து போனதாக மனைவி சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், சகலை கையும் களவுமாக மாட்டுவார். பதினோரு வருஷப் பகையைத் தீர்க்க இதைவிட வாய்ப்பு வராது. ஆனால் அந்தச் சிவந்த காதைப் பார்க்கப் பேக்கரிக்காரருக்குத் தாங்கவில்லை.

"நோட்டு பொய் டாக்டரம்மா. நான் முட்டைய மாத்தினேன்."

"இந்தச் சேவலையா?"

"இது இல்ல. வேற."

"இது நான்," என்றார் கறிக்கடைக்காரர் கூரையிடம். பிறகு கீழே பார்த்து, "யோவ் சகல, நீயுமா?" என்றார்.

டாக்டரம்மா நோட்டை மூடினார். "கோழி தேறிடுச்சு. வளர்த்தவங்கதான் தேறல." அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "எதை எதை மாத்தினீங்கனு ஞாபகம் இருக்கா?"

"அத்தனையும்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். செல்லக் கோழியின் முட்டையை எவன் மறப்பான்?

இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தார். புருஷனுக்குப் பரிந்து எழுதக் கூடாதென்று பெண்களையும் மாற்றிப் போட்டார். பேக்கரிக்காரர் சொல்வதை அக்காவும், கறிக்கடைக்காரர் சொல்வதைத் தங்கையும் எழுதினார்கள். பேக்கரிக்காரர் அடுப்பறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, எந்த வாரத்து ஈடு, எந்த வரிசை, எத்தனையாவது முட்டை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தார். எல்லாம் சொன்ன பிறகும் நெஞ்சில் ஏதோ இருந்தது. அதையும் சொன்னார். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டு வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டாக்டரம்மா ஒவ்வொரு கோழியாகக் காலைப் பார்த்து டிக் அடித்தார். முப்பத்தொன்றும் பொருந்தின.

"எங்க குழுவுல இதுவரைக்கும் இவ்வளவு சுத்தமான பதிவு வந்ததில்ல," என்றார். "பெட்டிக்கு ரெண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. சரி, கடைசியில இதென்ன? 'பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஏணிப் படிய நான்தான் உடைச்சேன்.' இது எந்தக் கோழி?"

டாக்டரம்மா அடுத்த தாளைப் புரட்டினார். "இதுலயும் இருக்கே. 'அந்தப் படி முன்னாடியே விரிசல் விட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரல.'"

முதலில் சிரித்தது அக்கா. தங்கை சிரித்துச் சிரித்துக் கோழிக்கூட்டிலேயே சாய்ந்துவிட்டாள். "பதினோரு வருஷம்! அடப் பாவிங்களா!" பேக்கரிக்காரருக்குக் கண் நிறைந்து, எதிரே நின்றவர் யாரென்றே தெரியவில்லை. தோளில் ஒரு கனத்த கை விழுந்ததும் தெரிந்துகொண்டார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டு சாவியும் சேர்ந்து பெட்டியைத் திறந்தன. பேக்கரிக்காரர் முதலில் எடுத்து வைத்தது பன்னிரண்டாம் நம்பர் முட்டை.

"அது போதும் சகல, ஏழாம் நம்பர வை."

"பன்னிரண்டு இன்னும் ரெண்டு வைக்கணும், சும்மா இருங்க."

"ஏழுன்னா ஏழு! கறிக்கடைக்காரன் சொன்னா கேக்க மாட்டியா?"

சண்டை உச்சத்துக்குப் போனது. பெண்கள் இருவரும் அதைக் காதில் வாங்காமல், திறந்து கிடந்த கேட் வழியாகக் கோழிகளை அந்தப் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளாதபடி, புதுப் படி போட்ட ஏணி ஒன்று அதில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.