மழை தோராத ஊர்

பச்சை. எங்கும் பச்சை. ரப்பர் மரங்களின் பச்சை. சுவரில் ஏறும் பாசியின் பச்சை. கல்யாணச் செருப்பின் மேல் பூத்த பூஞ்சையின் பச்சை.

மழை பெய்யாதபோதும் காற்று நனைந்தே இருந்தது. உப்பு, டப்பாவுக்குள்ளேயே கரைந்தது. தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிர்ந்தது.

செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. கரிசல் வெயிலில் வளர்ந்தவள். கல்யாணமாகி, மலையடிவாரத்து ரப்பர் தோட்ட வீட்டுக்குச் சித்திரையில் வந்தாள். வைகாசி முடியும்போது மழை பிடித்தது. கூடவே மூச்சிழுப்பும்.

"ஒரு தடவ ஊருக்குப் போயிட்டு வாரேங்க."

"மழ தோரட்டு பிள்ள" என்றான் கணவன் சுயம்பு.

தோர்வது என்றால் விடுவது. அந்தச் சொல்லை அவள் அங்கேதான் கற்றாள். மழை தோரவில்லை.

மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றது. சுயம்பு நாள் முழுக்க மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் சுவரில் சாய்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் காத்துலதான் நாங்க எல்லாரும் கெடக்கோம். ஒனக்கு மட்டும் என்ன?" என்றாள் மாமியார்.

மழை. மேகமூட்டம். மழை. வானம் ஓட்டுக்கு மேலேயே படுத்திருந்தது.

ஆடியில் ஒரு மத்தியானம், உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. நகங்கள் நீலமாயின. ஓடை கரை மீறிப் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி வடியட்டு மக்கா" என்றாள் சுயம்புவின் தாய்.

"வடியாதும்மா."

மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான் சுயம்பு.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். மூச்சு மெல்ல அவிழ்ந்தது.

மறுநாள் கேட்டான். "வீட்டுக்குப் போலாமா?"

"அந்தக் காத்துக்குள்ள இனி என்னால வர முடியாது. செத்துருவேங்க."

அவன் வெளியே மழையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அவள் செருப்பை எடுத்துக் காலருகே வைத்தான்.

நாகர்கோவிலில் கோவில்பட்டி பஸ் ஏறினார்கள்.

ஆரல்வாய்மொழி தாண்டியதும் காற்று மாறியது. மேகங்களை மலை தன் பக்கமே நிறுத்திக்கொண்டது. இந்தப் பக்கம் வெயில். வெளுத்த தரை. சுழலும் காற்றாலைகள்.

தோளில் கிடந்த ஈரத் துண்டை ஜன்னலுக்கு வெளியே பிடித்தான் சுயம்பு. வள்ளியூர் வருவதற்குள் அது மொடமொடத்தது. முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான். வெகுநேரம் எடுக்கவில்லை.

"இதுக்குத்தானா பிள்ள இப்பிடித் தவிச்ச?"

"ஆமா" என்றாள்.

இழுப்பில்லாமல் வந்தது அந்தச் சொல்.