கோட்டுக்கு மேலே ஏழு நாடுகள்

விளையாட்டுத் துறைச் செயலாளரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு உள்ளங்கை வியர்த்து, கோப்பின் ஓரம் நனைந்துவிட்டது. புள்ளிவிவர அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள். இப்படி ஒருநாளும் பயந்ததில்லை.

கோப்பில் இருந்தது அவள் போட்ட வரைபடம். எந்த நாட்டில் தலைக்கு எவ்வளவு வருமானம், உலகின் முதல் நூறு டென்னிஸ் வீராங்கனைகளில் அந்த நாட்டுப் பெண்கள் எத்தனை பேர் என்று அது காட்டியது. வருமானம் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுவதை, புள்ளிகளின் நடுவே அவள் போட்ட கோடு சொன்னது. அவளுடைய நாடு இடது மூலையில், பூஜ்யத்தில் கிடந்தது. அதைக் காட்டி, பன்னிரண்டு சிறுமிகளுக்கான அரசுப் பயிற்சித் திட்டத்தை இழுத்து மூடப் பார்த்தார் செயலாளர்.

பன்னிரண்டில் ஒருத்தி அவளுடைய அக்கா மகள். பதினாலு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். இது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

முந்தின நாள்தான் வாலு கேட்டிருந்தாள். "சித்தி, அந்தக் கணக்கை நீங்கதானே போடுறீங்க? நான் வேணும்னா இன்னும் நல்லா ஆடட்டுமா?"

உள்ளே குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சுருக்கமா சொல்லுங்கம்மா. நாடு முன்னேறாம டென்னிஸ் வராது. சரிதானே?"

தலையாட்டினால் போதும். அவள் ஆட்டவில்லை.

"பாதிதான் சார் சரி."

"என்னது?"

"வருமானம் பாதியைத்தான் விளக்குது. கோட்டுக்கு மேல ஏழு நாடு இருக்கு, பாருங்க. வருமானத்தை வச்சு எதிர்பார்க்கிறதைவிட அங்க நிறையப் பேர் ஆடுறாங்க. நம்மளைவிடக் கொஞ்சம்தான் வசதி. ஆனா அங்க பள்ளிக்கூடத்திலயே ஆடுகளம் இருக்கு. பொண்ணுங்க படிப்பைப் பாதியில விடுறதில்லை. முதல்ல பணக்காரங்களாகிட்டு அப்புறமா அவங்க ஆட வந்தாங்கன்னு இல்ல."

"அப்ப உங்க படம் தப்பா?"

"படம் சரி சார். அதை வச்சு மூடுறதுதான் தப்பு."

மிச்சத்தையும் சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லமாட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்தப் பன்னெண்டு பேர் பட்டியல்ல ஒன்பதாவது பேரு... என் அக்கா பொண்ணு."

செயலாளரின் முகம் இறுகியது. "இதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஆமா சார். பயந்துட்டேன்."

குழுவில் இருந்த மருத்துவர் அம்மாள் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தார். "அவங்க சொந்தக்காரிங்கிறதால இந்த ஏழு நாடும் இல்லைனு ஆயிடுமா? வேற ஆளை வச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க."

அடுத்த இரண்டு வாரம் தொலைபேசி அடித்தாலே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோறு இறங்கவில்லை. வேறொரு அதிகாரி போட்ட கணக்கிலும் அதே விடைதான் வந்தது. திட்டத்தை மூன்று வருஷம் நீட்டித்தார்கள். உண்மையை மறைத்ததற்காக அவளைப் பழைய கோப்புகள் இருக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். யாரும் விரல் நீட்டக்கூடாது என்று ஒன்பதாவது பெயரையும் அடித்துவிட்டார்கள்.

அதைச் சொல்லப் போனபோது அக்கா முகம் கொடுக்கவில்லை. வாலு மட்டும் எதிரே வந்து நின்றாள்.

"மத்த பதினோரு பேரும் ஆடுறாங்கல்ல சித்தி?"

"ஆடுறாங்கடா."

வாலு மட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். சுவரில் பந்து மோதும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. எழுந்து போய்ப் பார்க்கச் சித்திக்குத் துணிவில்லை. கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்து, மறுபடி ஒரு சத்தம். பிறகு இன்னொன்று, முன்னைவிடப் பலமாக.