அடக்கி வைத்த இருமல்

அமுதத்துக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. இதயத்துக்குள்ளே ஒரு கதவு ஒட்டிக்கொண்டு ரத்தம் போக வழியில்லாமல் இருந்ததாம். டாக்டர் விலாவைத் திறந்து, விரலை விட்டே அதைத் தள்ளித் திறந்துவிட்டாராம். பாகூரிலிருந்து பஸ் ஏறிப் பார்க்க வந்த சனமெல்லாம் இதைக் கேட்டு வாயைப் பிளந்தது. அமுதத்துக்கோ வேறு கவலை. இப்போது அவளை இருமச் சொல்கிறார்கள்.

சிஸ்டர் காலையிலிருந்து கெஞ்சியும் பார்த்தாள், அதட்டியும் பார்த்தாள். "தலகாணிய தையல் மேல அழுத்திப் புடிச்சிக்கினு அடிவயித்துலேர்ந்து இருமும்மா. நெஞ்சுல சளி தேங்கிக் கெடக்குது, ஜுரம் ஏறுது பாரு. இப்பிடியே இருந்தா நாளைக்குத் தொண்டையில குழாய் வுட்டுத்தான் உறிஞ்சணும். நிமோனியா வந்துச்சின்னா பண்ண ஆபரேஷன் மொத்தமும் வீண், உயிருக்கே ஆபத்து."

அமுதம் தலையாட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டு, கோழி விக்கின மாதிரி ஒரு சத்தம் போட்டாள்.

"இது இருமலா? உனக்கே நல்லா இருக்கா?" என்று சிஸ்டர் அலுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வலிக்குப் பயந்து அடம் பிடிக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வலி இருக்கத்தான் செய்தது, விலாவைப் பிளந்தால் இனிக்குமா? ஆனால் விஷயம் அதுவல்ல. அமுதத்துக்குச் சத்தமாக இருமத் தெரியாது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுத்தாள், அதிலிருந்தே அவளுக்கு இளைப்பும் இருமலும் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அவள் அம்மா தையலம்மாள் முந்தானையைச் சுருட்டி மகள் வாயில் திணித்தாள். "வந்தா இப்பிடி அடக்கிக்க. டி.பி.ன்னு ஒருத்தன் சொல்லிட்டா உனக்கும் கல்யாணம் இல்ல, உன் தங்கச்சிக்கும் இல்ல." மகளும் கெட்டிக்காரி, பழகிக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷமாகப் பகலில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டுதான் இருமினாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும் என்பதற்கு, கழுத்துவலி என்று சொல்லி இன்னொரு தலையணை வாங்கிக்கொண்டாள். போன மாதம் கழனிக்குச் சோறு எடுத்துப் போகையில் வரப்பில் மயங்கி விழுந்ததால்தான் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தது. அப்போதும் டாக்டர், "எவ்ளோ நாளாம்மா?" என்று கேட்டதற்கு, மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த மழைக்குத்தாங்க" என்றாள்.

அந்த மாமியார் கலியம்மாள் இப்போது கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே அமுதத்தின் தொண்டை தானாகவே பூட்டிக்கொள்கிறது. ஏன் என்று சொல்லவும் வழியில்லை. சீக்கை மறைத்துக் கட்டி வைத்தார்கள் என்று தெரிந்தால், வீட்டில் விட்டுவந்த அவள் பெண் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, 'போடி உங்கம்மா வூட்டுக்கு' என்று அனுப்பிவிட்டால்? வாழாவெட்டியாகப் போய் நிற்க அவளால் முடியாது.

"அத்தே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்."

"எனக்கு எதுக்குடி டீ? நீ இருமு." கலியம்மாள் சும்மா பேசினாலே நாலு கழனிக்குக் கேட்கும். "நீ பாட்டுக்குக் கண்ண மூடிட்டா அந்தப் புள்ளைய யாரு வளக்கறது? பல்லக் கடிச்சிக்கினு இருமு. மூலைக் கட்டில்ல இருக்குறவகூட இருமுறாளே!"

குழந்தைப் பேச்சை எடுத்ததும் அமுதத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "வலிக்கு இல்ல அத்தே. உங்க எதிர்ல இருமல் வரமாட்டேங்குது. எனக்கு இந்தச் சீக்கு கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே இருக்குது. அம்மா மறைக்கச் சொன்னாங்க, மறைச்சே பழகிட்டன்."

கலியம்மாள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது. "அடிப்பாவி! ஆறு வருஷமா ஆத்தாளும் மவளும் எங்க தலையில மொளகா அரச்சீங்களா? சீர்ப் பாத்திரத்தத் தட்டித் தட்டிக் காட்டினாளே உங்கம்மா, இத ஏன் காட்டல? வரட்டும், அவ நாக்க இழுத்து வெச்சி அறுக்குறன்!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மாவைச் சொன்னதும் அமுதத்துக்கு எங்கிருந்துதான் வந்ததோ ரோஷம். ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவள் குரலை உயர்த்தினாள்.

"நீங்க மட்டும் சொல்லியா கட்டி வெச்சீங்க? உங்க புள்ளைக்கு இடது காது சுத்தமா கேக்காதே! பொண்ணு பாக்க வந்தப்ப அந்தப் பக்கம் ஒட்டி உக்காந்துக்கினு, எங்கப்பா கேட்டதுக்கெல்லாம் நீங்கதானே பதில் சொன்னீங்க? வந்த வாரமே எனக்குத் தெரியும். யாருகிட்டயாவது சொன்னனா? அந்தக் காதுப் பக்கமே படுத்துக்கினு இத்தினி வருஷமா இரு—"

முடிக்கவில்லை. கத்தின கத்தலில் அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது இருமல். கை தன்னால் முந்தானையைத் தேடியது. ஆஸ்பத்திரி அங்கியில் ஏது முந்தானை? கலியம்மாள் திட்டின வாய் மூடாமலே தலையணையைப் பிடுங்கித் தையல் மேல் அழுத்தினாள்.

"கள்ளி! இருமுடி! காதப் பத்தி ஊரெல்லாம் சொல்லு! அப்பிடித்தான், இன்னும் வரட்டும்!"

கட்டி கட்டியாகச் சளி வந்தது. ஓடிவந்த சிஸ்டர் கிண்ணத்தைப் பிடித்தபடி, "எப்பிடிம்மா இரும வெச்சீங்க?" என்றாள்.

"சண்ட போட்டன்" என்றாள் கலியம்மாள்.

சிஸ்டர் போன பிறகு ஸ்டூலை நிமிர்த்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்பாங்க. உங்கம்மா ஒண்ணு சொன்னா, நான் ஒண்ணு சொன்னன். ஆனா என் பொய்யில யாரும் சாவலடி. அவ பொய்யில நீ செத்திருப்ப. அதத்தான் என்னால தாங்க முடியல. எங்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே இங்க இட்டாந்திருக்க மாட்டனா?" முந்தானையால் மருமகள் வாயைத் துடைத்தாள். "சரி, திரும்ப இருமணுமாம். அடுத்தது எதுக்கு சண்ட போடலாம்?"

அமுதம் சிரித்தாள். தையல் இழுத்தது, மறுபடி இருமல் வந்தது.

பொழுது சாயும்போது பலராமன் வந்தான். வழக்கம்போல மனைவி தன் இடது பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தான். பாவம், அவளாகப் பழக்கிவிட்ட பழக்கம்.

"ஏங்க, இந்தாண்ட வந்து உக்காருங்க" என்றாள் அமுதம்.

அவன் விழித்தான். கலியம்மாள் ஸ்டூலைக் கட்டிலின் மறுபக்கம் இழுத்துப் போட்டாள். அவன் வந்து உட்கார்ந்ததும் அமுதம் தலையணையை அணைத்துக்கொண்டு, வாயைப் பொத்தாமல், நெஞ்சு அதிர இருமினாள்.

பலராமன் பதறிப்போனான். "ஐயோ, இன்னா அமுதம் இது? எப்பலேர்ந்து இப்பிடி?"

"சின்ன வயசுலேர்ந்துங்க" என்றாள் அமுதம்.