இருபதாவது ஓவர்

ஆறாவது ஓவர் முடியும் முன்பே தங்கவேலு கைப்பேசியைச் சன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்தார். மனம் கேட்காமல் நிமிர்த்தினார். அதற்குள் இன்னொருவர் ஆட்டமிழந்திருந்தார். கொழும்பில் இந்தியா–இலங்கை இறுதிப் போட்டி. இலங்கை பன்னிரண்டு ரன்னுக்கு ஆறு விக்கெட்.

கோத்தகிரிக்குக் கீழே உள்ள அந்தச் சிறிய தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த இலை காற்றுப்பட்டுச் சிவக்கும் கூடம் அவர் பொறுப்பு. ஈரம் குடித்துக் குடித்துச் சுவர்க்கடிகாரங்கள் அங்கே ஓராண்டு தாங்குவதில்லை. ஆட்டம் நடக்கும் நாள்களில் ஓவர்தான் கடிகாரம்: இலை சிவக்க வெயிலுக்குப் பதினெட்டு, குளிருக்கு இருபது. கைப்பேசியில் மணியும் தெரியும் என்பதை அங்கே எவரும் மறுத்ததில்லை, பார்த்ததும் இல்லை. பதினோராண்டாக அந்தக் கூடத்தில் ஒரு தூளும் கெட்டதில்லை.

"ரவி, இருபதாவது ஓவர் முடிஞ்சதும் டிரையருக்குத் தள்ளிரு" என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்.

"ஏனுங்ண்ணா, அவுங்க இருபது ஓவர் நிப்பாங்களா?" என்று தூளை உலர்த்தும் டிரையர் பக்கத்திலிருந்து ரவிக்குமார் சிரித்தான். போன மாதம் டிரையரில் ஒரு தூளைக் கருகவிட்டவன் அவன். இன்னொன்று கெட்டால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் நல்லசாமி எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். அப்படியும் சிரிப்பு குறையவில்லை.

தங்கவேலுவும் சிரித்தார். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, எட்டு வயதில் கப்பலேறி வந்தவர். வந்த நாளிலிருந்து இந்தியாவுக்குத்தான் கைதட்டுகிறார். மனதுக்குள் எந்த அணி ஆடுகிறது என்பதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அணி உலகக் கோப்பையை வென்ற நாளில் தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றார். அப்போது மகிழ்ச்சியை மறைக்க வேண்டியிருந்தது.

எட்டாவது விக்கெட்டுக்கு ரவிக்குமார் தகரத்தைத் தட்டினான். தங்கவேலு தூளைக் கிளறினார், கையை உதறினார், மறுபடி கிளறினார். பிறகு வெளியே நடந்தார். விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றபடி மரப்பட்டையை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒருமுறை ஆரவாரம் எழுந்தது. போகவில்லை. நெடுநேரம் கழித்து மறுபடி எழுந்தது. அப்போதும் போகவில்லை.

திரும்பியபோது வாசலிலேயே மணம் மாறியிருந்தது. செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய தூள் கறுத்துக் கிடந்தது. நல்லசாமி ஒரு பிடி அள்ளி முகர்ந்துகொண்டிருந்தார்.

"மூக்க எங்கடா அடகு வெச்ச?"

"இருபதாவது ஓவர் வருமுன்னு பாத்துட்டே இருந்தேனுங்க" என்றான் ரவிக்குமார். "பதினாறுலயே எல்லாரும் அவுட்டு. அப்பறம் நம்மாளுங்க ஏழாவது ஓவர்லயே முடிச்சுப்போட்டாங்க. இருபது வரவே இல்லீங்க."

எவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வர வேண்டாம். போ."

ரவிக்குமார் கையுறையைக் கழற்றத் தொடங்கினான். ஒன்று எளிதில் வந்தது. மற்றொன்று விரல்களில் சிக்கியது.

"அவன் மேல தப்பில்லீங்க" என்றார் தங்கவேலு. "தூளு என் பொறுப்பு. நாந்தேன் இங்க இல்லீங்க. விறகுக்குப் பின்னால போயி நின்னுட்டேன்."

"இத்தன நேரமுமா? அங்க என்ன சோலி?"

"பாக்க முடியலீங்க."

"ஜெயிச்ச மேட்ச்ச ஏனுங்க பாக்க முடியாது?" என்று கேட்டார் நல்லசாமி.

டிரையர் வெற்றாக ஓடிக்கொண்டிருந்தது. கையுறையைப் பாதி கழற்றிய ரவிக்குமார் தங்கவேலுவையே பார்த்தான். பிறகு, ஏதோ கணக்குச் சரிபார்ப்பவனைப் போல, சன்னல் கட்டையைப் பார்த்தான்.

அங்கே கைப்பேசி இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஈரம் படிந்து திரை மங்கியிருந்தது. தங்கவேலு போய் அதைக் கட்டைவிரலால் துடைத்தார். இலங்கை எடுத்த ஐம்பது என்ற எண்ணின் மேல் தேயிலைக் கறை ஒரு ரேகையாகப் படிந்தது. மறுபடி துடைத்தார், கறை பரவியது, போகவில்லை.